துகிலும் வினாவும்: பெற்றவரைத் தேடும் மகவு குறித்து ஒரு திறனாய்வு நோக்கு

திறவுச்சொற்கள்: தத்து, பிறப்புத்தேடல், கர்ணன், வில்லிபாரதம், தளபதி, கன்னத்தில் முத்தமிட்டால்

பெற்ற தாயைத் தேடும் பிள்ளையின் கதை தமிழுக்குப் புதிதன்று. ஆயினும் அக்கதையை வாசிக்கும் நாம் பெரும்பாலும் தாயின் பக்கமே நின்றுவிடுகிறோம். கைவிட்டவளின் துயர், வளர்த்தவளின் தியாகம் ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. தேடுபவர் கேட்பது என்ன, அதற்கு விடை சொல்லும் கடப்பாடு யாருடையது என்பன பின்தள்ளப்படுகின்றன. இவ்வினாக்களை முன்வைத்து வில்லிபாரதத்தின் ஒரு பகுதியையும் மணிரத்னத்தின் இரு திரைப்படங்களையும் இக்கட்டுரை நோக்குகிறது.

வியாச பாரதத்தில் கர்ணன் தன் தாயைத் தேடுபவனாகக் காட்டப்படவில்லை. அவன் பிறப்பை முதலில் கிருட்டிணன் கூறுகிறான். பின்னர்க் கங்கைக் கரையில் குந்தி வந்து கூறுகிறாள். அவள் சொல் மெய்யென்பதற்குச் சூரியனின் குரல் சான்றாகிறது. வில்லிபுத்தூரார் இவ்விடத்தில் வேறொரு சான்றை அமைக்கிறார். பொய்யாகத் தாயென்று கூறிக்கொண்டு வருபவளை எரித்துவிடும் தெய்வத் துகில் ஒன்று கர்ணனிடம் உள்ளது. குந்தி அதனை அணிகிறாள், எரியாமல் நிற்கிறாள். இம்மாற்றம் வெறும் அற்புதச் சேர்க்கை அன்று. துகிலை வைத்திருப்பவன் என்றாலே தாய் வருவாள் எனக் காத்திருந்தவன் என்று பொருள்; முன்னரும் பலர் வந்து ஏமாற்ற முயன்றுள்ளனர் என்பதும் அதனுள் அடங்கும். தமிழ்க் கர்ணன் மெய்ப்பித்துக் காட்டும்படி தாயிடம் கேட்கிறான். சோதனைக்கு உட்படுபவள் தாயே. தேடும் மகவுக்கு இத்துணை உரிமை வழங்கிய வேறோர் இடம் நம் மரபில் அரிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1991இல் வெளிவந்த தளபதி, கர்ணன் கதையின் மறுவாக்கம் என்பது அறிந்ததே. சரக்கு இரயிலில் விடப்பட்ட குழந்தையுடன் ஒரு துணியும் செல்கிறது. சூர்யா வளர்ந்த பின்னும் அது அவனிடம் உள்ளது. துகில் இங்கும் இருக்கிறது. ஆனால் அதன் சோதிக்கும் ஆற்றல் போய்விட்டது. அது அடையாளப்பொருளாக மட்டும் சுருங்குகிறது. கோயிலில் இரயிலின் ஒலி கேட்டுச் சூர்யாவும் கல்யாணியும் ஒருசேரத் திடுக்கிடும் காட்சி பெரிதும் போற்றப்படுவது. ஆயினும் உண்மையை அறிந்ததும் சூர்யா செய்வது என்ன? அதனைத் தாயிடம் கூற வேண்டாமென்று அவள் கணவனிடம் வேண்டுகிறான். தன் பிறப்பைத் தருமனிடம் மறைக்குமாறு வியாசரின் கர்ணன் கேட்டதன் எதிரொலி இது. மகனின் சினமும் வினாவும் தாயைக் காக்கும் பெருந்தன்மையாக மாற்றப்படுகின்றன. இதனைக் குறையென்றே கருத வேண்டியுள்ளது.

2002இல் வந்த கன்னத்தில் முத்தமிட்டால் இம்மரபிலிருந்து விலகுகிறது. அமுதாவிடம் துகில் இல்லை. அவளிடம் இருப்பவை வினாக்கள் மட்டுமே. ஒன்பதாம் பிறந்தநாளில் தான் தத்துப்பிள்ளை என அறிகிறாள். இராமேசுவரத்திற்கு ஓடிச் சென்று தாயின் பெயரை அறிகிறாள். பெற்றோருடன் இலங்கை சென்று சியாமாவை நேரில் காண்கிறாள். ஏன் விட்டுச் சென்றாய் என்பது முதலாக அவள் அடுக்கடுக்காகக் கேட்பவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நேர்விடை கிடைப்பதில்லை.

இச்சந்திப்பைத் தாய்க்கும் தாயகத்திற்கும் இடையிலான உருவகமாகக் கொள்ளும் வாசிப்பு எளிதில் தோன்றக்கூடியது. அதற்குப் படமே இடந்தருகிறது. எனினும் அவ்வாசிப்பில் சிறுமி மறைந்துவிடுகிறாள். சியாமாவின் மௌனம் நாட்டின் மௌனமாக உயர்த்தப்படும்போது, ஒரு குழந்தைக்கு அவள் விடை சொல்லவில்லை என்னும் எளிய உண்மை பார்வையிலிருந்து நழுவுகிறது. படம் இதனை ஓரளவு உணர்ந்தே உள்ளது. கைக்குழந்தையான அமுதா திருச்செல்வனின் சிறுகதைக்குத்தான் முதலில் பொருளாகிறாள். அவன் மகளாவது பின்னரே. அவன் எழுதுவதோ மனைவி இந்திராவின் பெயரில். அவளது தோற்றக்கதை பிறர் கையெழுத்தில், இன்னொருவர் பெயரில் இருக்கிறது. தாயைக் காண அவள் கொள்ளும் பிடிவாதம் பாசத்தால் மட்டும் எழுந்ததன்று. தன் கதையைத் தானே கேட்டறியும் விழைவும் அதில் உண்டு. இந்திராவின் வலியைச் சிம்ரனின் நடிப்பு அழுத்தமாகத் தருவதால், பார்வையாளர் இவ்விழைவை நன்றிமறத்தலாகக் காணும் வாய்ப்பும் உள்ளது.

இங்குச் சட்டத்தையும் இணைத்து நோக்குதல் தகும். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், தத்து நிகழ்ந்த நாள் முதல் பிறந்த குடும்பத்துடனான உறவுகள் அற்றுப்போவதாகக் கொள்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கையும் வைக்கிறது: பிறந்த குடும்பத்தில் இருந்திருந்தால் யாரை மணக்க இயலாதோ, அவரைத் தத்துக்குப் பின்னும் மணக்க இயலாது. அறியாத உறவினரை எங்ஙனம் விலக்குவது? அறுந்ததாகச் சட்டம் அறிவித்த உறவையே தத்துப்பிள்ளை அறிந்திருக்க வேண்டுமென அச்சட்டமே உள்ளூர எதிர்பார்க்கிறது. இம்முரணைப் பற்றி நம் புனைவுகள் பேசாதது வியப்பே. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் பிறப்புத்தேடலுக்கு வழி தருகின்றன. பதினெட்டு வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தோர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்தே கேட்க வேண்டும். பெற்றவரின் அந்தரங்க உரிமையை இத்தேடல் மீறலாகாது என்னும் வரையறையும் உண்டு.

இவ்வரையறையுடன் இணைத்துப் பார்க்கையில் சியாமாவின் மௌனம் வேறு பொருள் பெறுகிறது. அதனைத் தியாகம் என்றோ கல்மனம் என்றோ கொள்ள வேண்டியதில்லை. சொல்லாதிருக்கும் உரிமையாகவும் கொள்ளலாம். வில்லியின் குந்தி சோதனையை மறுக்கவில்லை. சியாமா மறுக்கிறாள். இரண்டு உரிமைகளும் நேருக்கு நேர் நிற்கும் அக்காட்சியில் எவர் பக்கமும் தீர்ப்பு வழங்காததே படத்தின் வலிமை.

அமைதி திரும்பியபின் வா என்று கூறிச் சியாமா விடைபெறுகிறாள். படம் வெளியான ஆண்டையே கதையின் ஆண்டாகக் கொண்டால், 2009 மே மாதம் போர் முடிந்தபோது அமுதாவுக்கு வயது பதினாறு. தனியாகக் கேட்கும் வயதை அவள் எட்ட இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன. விடை சொல்ல வேண்டியவள் அம்மே மாதத்தைக் கடந்திருப்பாளா என்பதைப் படம் அன்று அறிந்திருக்க வழியில்லை. இன்று பார்ப்பவர்க்கு அது தோன்றாமலும் இல்லை.