தோலை மாத்தலாம், தெருவை என்ன செய்யறது?
ஜார்ஜ் ஷைலரின் ‘பிளாக் நோ மோர்’ நாவலை முன்வைத்து

‘பிளாக் நோ மோர்’ 1931ல் வந்த நாவல். ‘இனிமேல் கறுப்பு இல்லை’ என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் ஜார்ஜ் ஷைலர். கறுப்பிலக்கியம் என்றதும் நம்ம ஆட்கள் ரிச்சர்ட் ரைட், லாங்ஸ்டன் ஹியூஸ், டோனி மாரிசன், ஆலிஸ் வாக்கர் என்று ஒரு வரிசை சொல்வார்கள். ஷைலர் அந்த வரிசையில் உட்காரமாட்டார். காரணம் இருக்கிறது. பிற்காலத்தில் மனுஷன் வலதுசாரிகளோடு போய்ச் சேர்ந்தார். 1964ல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதை எதிர்த்து எழுதினார். அப்படிப்பட்ட ஆளை நாம எதுக்குப் படிக்கணும் என்று கேட்டால், எனக்குத் தேவை வந்தது, படித்தேன். எங்க வீட்டில் அப்போது ஒரு ஆபரேஷன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கதை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி. வருஷம் பிறக்கிற ராத்திரி. மேக்ஸ் டிஷர் என்ற கறுப்பு இளைஞன் ஒரு கேளிக்கை விடுதியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஆடக் கூப்பிடுகிறான். கறுப்பரை இழிக்கிற அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லி அவள் மறுக்கிறாள். மறுநாள் பத்திரிகையில் ஒரு செய்தி. டாக்டர் ஜூனியஸ் க்ரூக்மன் என்கிற கறுப்பர், ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர், கறுப்புத் தோலை மூன்றே நாளில் வெள்ளையாக்கும் முறையைக் கண்டுபிடித்திருக்கிறார். மேக்ஸ் ஓடுகிறான். முதல் ஆள் அவன்தான். பல் பிடுங்கும் நாற்காலிக்கும் மரணதண்டனை மின்நாற்காலிக்கும் பிறந்த மாதிரி ஒரு எந்திரத்தில் உட்காருகிறான். வெளியே வரும்போது வெள்ளைக்காரன். பிறகு கட்டணம் ஐம்பது டாலர் என்று நிர்ணயமாகி, கறுப்பு சனம் மொத்தமும் வரிசையில் நிற்கிறது.

மேக்ஸ் பேரை மேத்யூ ஃபிஷர் என்று மாற்றிக்கொண்டு, அவமானப்படுத்திய அதே பெண்ணைத் தேடி அட்லாண்டாவுக்குப் போகிறான். அங்கே நிறவெறிச் சங்கம் ஒன்றில் நுழைந்து தலைவர்களில் ஒருவனாகிறான். அவளையே கட்டிக்கொள்கிறான். அவளோ சங்கத்தை ஆரம்பித்தவனின் மகள். மில் தொழிலாளிகள் ஒன்றுசேரப் பார்க்கும் இடத்தில் ‘உங்களுக்குள்ளே மாறின கறுப்பன் இருக்கான்’ என்று கிளப்பிவிட்டு முதலாளிகளிடம் காசு வாங்குகிறான். சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார் ஷைலர். சிரித்து முடித்ததும் வயிற்றில் ஏதோ பிசையும்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியையே பேசுகிறார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் முக்கியம். தோல் ஒன்றாகிவிட்டது, யார் யார் என்று தெரியவில்லை. உடனே என்ன செய்கிறார்கள்? சாதி வெறுப்பை, மன்னிக்கணும், நிறவெறியை விட்டுவிட்டார்களா? இல்லை. வம்சாவளியைத் தோண்டுகிறார்கள். ஸ்னாப்கிராஃப்ட் என்ற மேட்டுக்குடி ஆள், பக்கரி என்ற அறிஞனை வைத்து, யாருடைய பாட்டன் பூட்டன் யார் என்று பதிவேடுகளைப் புரட்டவைக்கிறான். கணக்கு முடிந்தபோது ஸ்னாப்கிராஃப்டுக்கே கறுப்பு மூதாதை இருக்கிறாள், பக்கரிக்கும் இருக்கிறாள், நிறவெறிச் சங்கத்தை ஆரம்பித்தவனுக்கும் இருக்கிறாள்.

அமெரிக்கக்காரன் கற்பனை பண்ணி, இரண்டாம் பாதியில் வந்து சேர்ந்த இடம் இருக்கிறதே, அதில்தான் நாம பிறந்ததே. நமக்குத் தோலில் எழுதி ஒட்டவில்லை. ‘கறுத்த பார்ப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே’ என்று ஒரு பழமொழி இந்த ஊரில் புழங்குகிறது. எழுதவே கை கூசுகிற பழமொழிதான், ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. நிறத்தை வைத்து சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஆதிக்க சாதிக்காரனே கொடுத்த வாக்குமூலம் அது. முகம் ஏமாற்றிவிடுமோ என்கிற பயம் அதில் இருக்கிறது. அதனால்தான் முகத்தை அவன் நம்புவதில்லை. ‘எந்த ஊரு?’ என்பான். சொன்னால், ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்பான். ‘அப்பா பேரு என்ன, குலசாமி எது?’ என்று போவான். ஸ்னாப்கிராஃப்ட் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்த வேலையை இங்கே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறான். க்ரூக்மன் எந்திரத்தை நம்ம சேரி முனையில் கொண்டுவந்து வைத்தாலும் அது தோலோடு நின்றுவிடும்.

அப்படியென்றால் கத்திக்கு இங்கே வேலையே இல்லை என்று முடித்துவிடலாமா? அதுதான் முடியவில்லை. சாதி தோலில் இல்லை என்றாலும், கறுப்புத் தோலையும் சப்பை மூக்கையும் கண்டால் ‘இது அந்தத் தெரு’ என்று முடிவு கட்டுகிறார்கள். தப்பாகவே கட்டினாலும் அதன் பலனை அனுபவிக்கிறது நம்ம புள்ளைங்கதான். 1975ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020ல் பேரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. ட்யூப் அதே பெட்டிக்கடையில்தான் தொங்குகிறது.

வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். என் அக்கா மகள், வயசு இருபத்தாறு. ஒரு தனியார் கம்பெனியில் வேலை. வாடிக்கையாளர்கள் முன்னால் உட்காருகிற இடம் காலியானபோது இவளைவிடப் பின்னால் வந்தவளைப் போட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள். இவள் இரண்டு வருஷம் சீட்டுப் போட்டு எடுத்த பணத்தை வைத்துக்கொண்டு மூக்கை எடுப்பாக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ‘சித்தி, செஞ்சுக்கவா வேணாமா, ஒரே வார்த்தை சொல்லு’ என்றாள். டாக்டரைப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் அவள் முகத்தைப் போட்டு நாலு மூக்கு மாட்டிக் காட்டினார்களாம். நாலில் ஒன்றுகூட அவள் அம்மாச்சி மூக்கு மாதிரி இல்லை. வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம் ஆகலாம், சிலருக்கு மறுபடி கத்தி வைக்கவேண்டி வரும் என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். அந்த மட்டுக்கு நேர்மையான டாக்டர்தான்.

விஷயம் நம்ம தோழர்கள் காதுக்குப் போனது. ‘சுயமரியாதை உள்ளவ இதைச் செய்வாளா?’ என்றார் ஒருவர். கறுப்பே அழகு என்று மேடையில் பேசுகிறவர். மகனுக்குப் பெண் தேடும்போது ‘கொஞ்சம் கலரா இருந்தா தேவல’ என்று என்னிடமே சொன்னவர். இவர் மாதிரி ஆட்களுக்காகவே ஷைலர் ஒரு பாத்திரம் படைத்திருக்கிறார். மேடம் சிசரெட்டா பிளாண்டிஷ். ஹார்லெமில் கறுப்புப் பெண்களின் சுருட்டை முடியை நீட்டிவிட்டுச் சம்பாதிக்கிறவள். இனப்பெருமைச் சங்கம் ஒன்றுக்குத் துணைத்தலைவியும் அவள்தான். இனப்பெருமையும் முடி நீட்டுவதும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. பிறரைக் கேலி பண்ணுகிறோம் என்று நாம சிரித்துக்கொண்டிருக்கும்போதே நம்ம வீட்டு ஓட்டைப் பிரித்துவிடுகிறார் ஷைலர்.

அழகுக்கான ஆபரேஷன் என்றால் வீண் ஆடம்பரம், நோய்க்கு என்றால் நியாயம் என்று பிரிக்கிறார்களே, அந்தக் கோடு எங்கே இருக்கிறது? வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் கடைசியிலிருந்து பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாரை இடம்மாற்றித் தைத்து, நீட்டிக் கொடுத்தார். கை வேலை செய்தது. ஆனாலும் கைதேறியவனுக்கு வெளியே வேலை கிடைக்கவில்லை. முகம் காட்டிக்கொடுத்தது. உதிர்ந்துபோன புருவத்துக்குத் தலைமுடியோடு தோலை எடுத்து வைத்தார்கள். அமுங்கிப்போன மூக்கைத் தூக்கிக் கட்டினார்கள். புருவம் இல்லாமல் மனுஷன் செத்துவிடமாட்டான். ஆனால் டீக்கடையில் டம்ளர் கொடுக்கமாட்டான். அது நோய்க்கான ஆபரேஷனா, அழகுக்கானதா? தனி டம்ளர் என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகத்தைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் இலவச அறுவைப் பிரிவு தொடங்கியபோது எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்க. ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக்கூடாது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். அந்தக் கட்சி அரசியலில் எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. பொதுப்பணம் வீண் என்றார்கள். காசுள்ளவள் செய்துகொண்டால் அவள் சொந்த விருப்பம், கூலிக்காரி செய்துகொண்டால் வீண்செலவு. தோள்வலியில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு மார்புப் பாரம் ஒரு பாரமா இல்லையா என்று அவளைத்தான் கேட்டிருக்கவேண்டும்.

மூக்குக்கு இன்னொரு கதை இருக்கிறது. சூர்ப்பனகை மூக்கை அறுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அறுந்த மூக்கை ஒட்டவைத்த கதையைக் கேளுங்க. 1792ல் நடந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கோவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கும் ஒரு கையும் இழந்தார். பிறகு பூனாவுக்குப் பக்கத்தில் ஒருவர் அவர் நெற்றித் தோலை எடுத்துத் திருப்பி மூக்கு வைத்துக் கொடுத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் பார்த்த கார்ப்யூ என்ற டாக்டர் 1814ல் லண்டனில் அதே முறையில் செய்துகாட்டினார். ஐரோப்பாவின் பிளாஸ்டிக் சர்ஜரி அங்கிருந்துதான் தெம்பாக நடக்கத் தொடங்கியது. அந்தப் பத்திரிகைக் கடிதத்தில் மூக்கு இழந்தவர் பெயர் இருக்கிறது. மூக்கு வைத்தவர் பெயர் இல்லை. ‘செங்கல் செய்யும் சாதிக்காரர்’ என்று மட்டும் இருக்கிறது. இன்றைக்கு யாராவது இந்திய மருத்துவப் பெருமை பேசினால் நேராகச் சுஸ்ருதருக்குப் போய்விடுவார்கள். மண் பிசைந்த கை நடுவில் காணாமல் போய்விடும். என் அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, ‘அப்ப மூக்கு வைக்கிற வேலையே நம்மள மாதிரி ஆளுங்க வேலையா?’ என்று சிரித்தாள். அவளுக்கு நான் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. அந்த மூக்கு வேலைக்கா உனக்கா என்று கேட்டேன். ‘ரெண்டும் வேற வேறன்னு உனக்கு யாரு சொன்னா?’ என்று திருப்பிக் கேட்டாள். முடிவு அவளுடையது. அவளும் இன்னும் தேதி வாங்கவில்லை.

இங்கேதான் ஷைலர் மேல் எனக்கு வருத்தம். மேக்ஸ் முடிவெடுக்க ஒரு ராத்திரி போதுமாக இருக்கிறது. ஒரு பெண் மறுத்தாள், காலையில் பத்திரிகை படித்தான், போனான். கத்திக்கு முன்னால் ஒரு ஆள் மாசக்கணக்கில் உட்கார்ந்து யோசிப்பது, சீட்டுப் பணத்தை எண்ணுவது, கண்ணாடியைத் திருப்பி வைப்பது, பெத்தவ முகத்தைப் பார்ப்பது, இதெல்லாம் நாவலில் இல்லை. அங்கதம் வேகமாக ஓடவேண்டும் என்பது சரி. டோனி மாரிசன் 1970ல் எழுதிய ‘த புளூயஸ்ட் ஐ’ நாவலில் பெக்கோலா என்கிற சின்னப்பெண் நீலக்கண் வேண்டும் என்று ஒரு போலிச் சாமியாரிடம் போய் நிற்கிறாள். அவளிடம் ஐம்பது டாலர் கிடையாது, மிஷினும் கிடையாது. கடைசியில் புத்தி பேதலித்து, கண் நீலமாகிவிட்டதாக நம்பிக்கொண்டு திரிகிறாள். அங்கே சிரிப்பு இல்லை. ஷைலருக்குச் சிரிக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. மாரிசன் அந்தப் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார். நான் மாரிசனோடுதான். ஆனாலும் ஷைலரின் அந்த வம்சாவளிக் கிண்டல் மாரிசனிடம் கிடைக்காது.

பெண்கள் விஷயத்தில் ஷைலர் இன்னும் அவசரம். பிள்ளை பிறக்கிற சங்கதியைப் பாருங்க. எந்திரம் தோலைத்தான் மாற்றும், பிறக்கிற பிள்ளை கறுப்பாகவே பிறக்கும். நாடு முழுக்க வெள்ளைத்தோல் தாய்மார்கள் பத்து மாசமும் பயத்தில் கிடக்கிறார்கள். பிள்ளையைப் பிறந்த கையோடு வெளுக்க ரகசியப் பிரசவ ஆஸ்பத்திரிகள் வருகின்றன. இது எவ்வளவு பெரிய விஷயம்! தான் மறைத்ததைத் தன் வயிறே வெளியே சொல்லிவிடுமோ என்று படுத்துக்கிடக்கிற ஒருத்தி. ஷைலர் அந்தக் கட்டில் பக்கம் போகவே இல்லை. மேத்யூவின் பதட்டம்தான் நமக்குக் காட்டப்படுகிறது. சாதியை மறைத்து நகரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, ஊரிலிருந்து வருகிற பெரியாத்தா வாசலில் நின்று என்ன பேசிவிடுவாளோ என்று பயப்படுகிற நம்ம பெண்கள் அந்தக் கட்டிலை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பிளாண்டிஷும் அப்படித்தான் வீணாகிறாள். எல்லாரும் வெள்ளையான பிறகு முடி நீட்டிக்கொள்ள ஆளில்லாமல் அவள் கடை படுத்துவிடுகிறது. ஊரையே மாற்றிய அந்த நாற்காலிக்கு அவளும் போகிறாள். அதற்கு முந்தின ராத்திரி அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு நாவலில் பெரிதாக இடமில்லை. கடைசியில் க்ரூக்மன் ஒரு உண்மையை வெளியிடுகிறார்: எந்திரத்தில் வெளுத்தவர்கள் அசல் வெள்ளையரைவிடக் கூடுதல் வெள்ளை. அவ்வளவுதான், வெளுப்பு கேவலமாகிவிடுகிறது. கொஞ்சம் கறுப்பாக இருப்பது கௌரவமாகிவிடுகிறது. பிளாண்டிஷ் பெயரைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு தோலைக் கறுப்பாக்கும் சாயம் தயாரித்து விற்கிறாள். முடி நீட்டியபோது வந்த அதே காசு இப்போது சாயத்தில் வருகிறது. ஷைலர் இதை ஒரு பக்கத் துணுக்காக ஓட்டிவிட்டு மேத்யூ குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விடுகிறார். எனக்கு அந்தக் கடையில், அந்தப் பொம்பளை பக்கத்தில், இன்னும் கொஞ்சநேரம் உட்காரவேண்டும் போல இருந்தது.