சோதனைக்கூடத்தின் கையும் சமையலறையின் கையும்

களிம்புக் குழாய்களில் அடிக்கடி கண்ணில் படும் வாசகம்: 'சேதமடைந்த சருமத்தைச் சீராக்கும்.' இலக்கணம் நடத்துகிறவளாக எனக்கு முதலில் உறுத்துவது 'சேதமடைந்த' என்ற பெயரெச்சம். சேதப்படுத்தியது எது என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது.

சோதனைக்கூடத்தில் அந்த மறைப்பு இல்லை. தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கல் போலவும், செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் காரை போலவும் அமைந்து உடலின் ஈரத்தைக் காக்கின்றன. களிம்பைச் சோதிக்க, முதலில் இந்த அரணை வேண்டுமென்றே குலைக்கிறார்கள். தன்னார்வலரின் முன்கை உட்புறத்தில் ஒட்டுநாடாவைத் திரும்பத் திரும்ப ஒட்டி உரிப்பார்கள். அல்லது நுரைக்காக ஷாம்பூவில் சேர்க்கப்படும் சோடியம் லாரைல் சல்பேட்டைக் கரைத்து 24 மணி நேரம் கட்டிவைப்பார்கள். பிறகு, சதுர மீட்டருக்கு மணிக்கு எத்தனை கிராம் நீர் தோல்வழி ஆவியாகிறது என்று கருவியால் அளப்பார்கள். ஓரிடத்தில் களிம்பு பூசி, பக்கத்தில் ஓரிடத்தைப் பூசாமல் விடுவார்கள்.

அந்தப் பூசாத இடம்தான் முக்கியம். அதுவும் தானாகவே ஆறும். பூசிய இடம் அதைவிட விரைவாக ஆறினால்தான் களிம்புக்குப் பெருமை. அளக்கும் நேரத்தில் களிம்பின் படலம் மேலே இருந்தால், ஆறாத தோலும் ஆறியதாகத் தோன்றும். வெறும் வாஸலினோடு ஒப்பிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் தாண்டித் தேறிய களிம்புகள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது அந்த முன்கை. ஒருமுறை புண்பட்டபின், சோப்புப் படாமல் அது ஓய்வில் இருக்கிறது. என் அம்மாவின் கைக்கு அப்படியொரு நாள் வாய்த்ததில்லை. காலையில் பாத்திரம், பிறகு துணி, இரவில் மறுபடி பாத்திரம். விரலிடுக்கில் வெடிப்பு, புளி கரைத்தால் எரிச்சல். திரும்பத் திரும்பக் கைகழுவச் செய்யும் சோதனைகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு.

கையில் வரும் கரப்பான் பெண்களிடம் அதிகம் காணப்படுவதற்கு, ஓயாமல் ஈரத்தில் செய்யும் வேலையே பெரிய காரணம் என்கிறது தோல் மருத்துவம். விளம்பரமோ நம் தோலின் மென்மையைப் பற்றியே பேசுகிறது. வேலையின் விளைவு, உடலின் குறையாகிவிடுகிறது. அந்தக் குறைக்கு மருந்து வாங்குகிறவளும் அவளே.

தேவையென்றால் களிம்பை வாங்குங்கள். பூசாத இடத்தோடு ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். வீட்டிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றிரவு பாத்திரம் தேய்ப்பது யார் முறை?