அஃறிணை என்னும் மிச்சம்

எதையும் இரண்டாகப் பிளக்க மிக எளிய வழி, ஒரு பாதிக்குப் பெயர் வைத்துவிட்டு மற்றதை 'அது அல்லாதது' என்று தள்ளிவிடுவது. இந்த வெட்டிலிருந்து எதுவும் தப்பாது, எதுவும் இரண்டு பக்கத்திலும் விழாது. தமிழ் இலக்கணத்தின் முதற்பெரும் பகுப்பு இந்த வகைதான். அல் + திணை என்பதே அஃறிணை. உயர்திணை எது என்று சொல்லியிருக்கிறார்கள்; அஃறிணைக்குக் கிடைத்தது மறுப்பு மட்டும். நாயும் நெல்லும் நட்சத்திரமும் நாணயமும் ஒரே கூட்டில் அடைபட்டிருப்பது அவற்றுக்குள் ஏதோ பொதுக்குணம் இருப்பதால் அல்ல. அவை மனிதர் இல்லை, அவ்வளவுதான்.

இப்படிப் பிளப்பது தகுமா என்று நெடுங்காலம் முன்பே கேட்டவர்கள் கிரேக்கர்கள். பிளேட்டோவின் 'அரசியலாளர்' உரையாடலில் ஓர் இளைஞன் உயிர்களை மனிதர், விலங்கு என்று இரண்டாக வெட்டுகிறான், உடனே கண்டிக்கப்படுகிறான். கிரேக்கர்களை ஒருபுறம் நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டாத மற்ற இனங்களை எல்லாம் அந்நியர் என்ற ஒரே பெயரில் அடைப்பது போன்ற பிழையாம் அது. கொக்குக்கு அறிவிருந்தால் அதுவும் கொக்குகள் ஒருபுறம், மனிதன் உட்பட மற்றவை மறுபுறம் என்றுதான் பிரிக்கும் என்று ஒரு குத்தலும் அங்கே உண்டு. அரிஸ்டாட்டிலின் ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. இன்மையை மேற்கொண்டு வகைப்படுத்த முடியாது என்கிறார் அவர். இறகுள்ளவற்றில் பல வகை காணலாம். இறகில்லாமையில் என்ன வகை காண்பது?

அவருடைய ஆட்சேபத்துக்குத் தமிழே சாட்சி சொல்வதுபோல் இருக்கிறது. உயர்திணைக்கு ஆண், பெண், பலர் என மூன்று பால். அஃறிணைக்கு ஒன்று, பல என்ற எண்ணிக்கை மட்டுமே. சேவலும் வந்தது, பெட்டையும் வந்தது. சேவல், பெட்டை என்று பெயரில் பார்த்துப் பார்த்துப் பிரித்த மொழி, வினைமுற்றுக்கு வந்ததும் கையை விரித்துவிடுகிறது. பேச்சில் அந்த எண்ணிக்கையும் போய்விட்டது: ஒரு மாடானாலும் பத்து மாடானாலும் 'வந்துச்சு'தான்.

ஆனால் இந்த ஆட்சேபங்கள் பொருள்களை வகைப்படுத்துவதைப் பற்றியவை. தொல்காப்பியம் இந்தப் பகுப்பை வைத்திருக்கும் இடம் சொல்லதிகாரம். உயிர்களை வகைப்படுத்த வேண்டியபோது அதே நூல் வேறு வழியில் போகிறது. மரபியலில் இருப்பது வெட்டு அல்ல, ஏணி. புல்லும் மரமும் ஓரறிவில் தொடங்க, படிப்படியாக ஏறி மக்கள் ஆறாவது படியில் நிற்கிறார்கள். அந்த ஆறாம் படியிலும் மக்களோடு நிறுத்தாமல், அக்கிளையில் வேறு பிறப்புகளும் உண்டு என்று சேர்த்துக்கொள்கிறது நூல். 'பகுத்தறிவு உள்ளது உயர்திணை' என்று நம் வகுப்பறைகள் ஒப்பிக்கும் சூத்திரம் இந்த இரண்டையும் ஒட்டுப்போட்ட வேலை. அந்த ஒட்டு சரியாக உட்காரவில்லை.

குழந்தை அழுதது என்கிறோம். அதற்காகக் குழந்தையை மனிதப் பிறவியே அல்ல என்று யாரும் தள்ளுவதில்லை. அரசு அறிவித்தது, நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவித்தவரும் தீர்ப்பளித்தவரும் மனிதர்களே. குழவி, மகவு, அரசு போன்ற சொற்கள் உயர்திணையைச் சுட்டினாலும் அஃறிணையாகவே முடியும் என்று தொல்காப்பியமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. ஆள் எது என்பதும் சொல் எப்படி முடியும் என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பது அந்நூலுக்குத் தெரிந்தே இருக்கிறது.

கோடும் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதில்லை. பெட்டியில் பணம் இருக்கிறது, கண்ணனிடம் பணம் இருக்கிறது. நாய்? நாயின் வாயில் எலும்பு இருக்கலாம், 'நாயில்' இருக்காது. 'நாய்கிட்ட போகாதே' என்றுதான் பிள்ளைகளை அதட்டுகிறோம். வினைமுற்றில் மரத்தோடும் பெட்டியோடும் நின்ற நாய், வேற்றுமை உருபில் கண்ணன் பக்கம் வந்துவிடுகிறது. இங்கே கோடு உயிருக்கும் உயிரற்றதற்கும் நடுவில். பக்கத்து வீட்டுத் தெலுங்கைப் பார்த்தால் இன்னும் வியப்பு. ஆண் வந்தால் 'வச்சாடு'. பெண் வந்தாலும் நாய் வந்தாலும் 'வச்சிந்தி'. பன்மையில் மட்டும் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து 'வச்சாரு' ஆகிறார்கள். உறவுமொழி ஒன்றே வேறிடத்தில் கோடு போடும்போது, நம் கோட்டை இயற்கை போட்டது என்று வாதிட முடியாது.

மொழிக்குள்ளேயே கறாராகக் காவல் காக்காத கோடு இது. கள் விகுதி ஆதியில் அஃறிணைப் பன்மைக்குரியது. இன்று மேடையில் மிகுந்த மரியாதையோடு ஒலிக்கும் 'அவர்கள்' அந்த விகுதியைத்தான் சுமந்து நிற்கிறது.

இவ்வளவு நெகிழ்வான கருவி எங்கே காயப்படுத்துகிறது? சொல்லின் முடிபைப் பொருளின் தகுதியாகப் படிக்கும்போது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் தொல்காப்பியம் ஒரே நூற்பாவில் சேர்த்து வைக்கிறது: இரண்டுக்கும் தமக்கென்று தனி ஈறு இல்லை, இரண்டும் உயர்திணை ஈற்றையே பெறும். 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய, பவணந்தி எழுதிய நன்னூல், மக்கள், தேவர், நரகர் என்று ஆள்கணக்கு எடுத்து உயர்திணையை வரையறுக்கிறது. அப்படி ஆள்கணக்கு எடுத்துவிட்டால் கணக்கில் சிக்காதவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேடு எனப்பட்டவர், ஆண்மையை அவாவினால் ஆண்பால், பெண்மையை அவாவினால் பெண்பால் என்பதுபோல ஏதோ ஒரு பாலில் அடைத்ததோடு பவணந்தி நிற்கவில்லை; அஃறிணை போலவும் வரலாம் என்று ஒரு வாசலும் வைத்தார். மொழிவழக்கைப் பதிந்தார் என்று அவருக்காகச் சொல்லலாம். ஆனால் 'அது' என்று ஒருவரை அழைத்தவர்களுக்கு அந்தப் பதிவு துணைபோகக்கூடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: பகுப்பு நிற்கும், அதன் மேல் ஏற்றிய தரவரிசை நிற்காது. வினைமுற்றைப் பொருத்தும் விதியாக இதற்கு இணை குறைவு. உயிர்களை அளக்கும் கோலாக இது பிளேட்டோவின் கொக்கு போட்ட கோடுதான். 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி ஏற்றது. 'திருநங்கை கூறினார்' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அதற்கு விதி கேட்பவருக்குத் தொல்காப்பிய நூற்பாவே போதும்; பவணந்தி திறந்த அந்த வாசலைப் பாடநூல்கள் இலக்கண வரலாறாக மட்டும் சொல்லித் தரலாம்.