சிலம்பின் வழிநடையும் மக்கள் கூத்தும்

நாடு காணச் செல்வோர் இருவகையினர். மலையையும் மாடத்தையும் கண்டு மீள்வோர் ஒரு வகையினர். மக்களைக் கண்டு மீள்வோர் மற்றொரு வகையினர். முப்பது காதைகளால் இயன்ற சிலப்பதிகாரத்தை இவ்விரண்டாம் வகையினர்க்குரிய வழிநடை நூலாகவும் பயிலலாம். எனினும், வேட்டுவ வரியும் ஆய்ச்சியர் குரவையும் கதைக்கு இடையே அமைந்த இசை அணிகளாக மட்டுமே பலகாலும் கற்பிக்கப்படுகின்றன. இக்கருத்து மறு ஆய்வுக்குரியது.

புகாரை நீங்கிய கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரிக்கரை வழியே நடக்கின்றனர். அங்கே உழவரின் ஏர்மங்கலமும் முகவைப் பாட்டும் கேட்கின்றன. அவை தொழிலோடு பிறந்த பாட்டுகள். பிறர் காண்பதற்காகப் பிறந்தவை அல்ல.

பாலை நிலத்தில், ஐயை கோட்டத்தின் ஒருபுறம் அவர்கள் இளைப்பாறுகையில் எயினர் கூத்து நிகழ்கிறது. கொற்றவைக்குரிய கடனைச் செலுத்தாமையால் குடி வளம் குன்றியதெனச் சாலினி தெய்வமுற்று உரைக்கிறாள். ஆநிரை கவரும் அவர்தம் தொழிலை இளங்கோ மறைக்கவும் இல்லை. அதனைக் காரணமாக்கி அவர்தம் வழிபாட்டை இகழவும் இல்லை. மதுரையிலோ, பால் உறையாமையும் வெண்ணெய் உருகாமையும் கண்டு அஞ்சிய மாதரி குரவை ஆடச் செய்கிறாள். குரவை முடிந்ததும் கோவலன் கொலையுண்ட செய்தி எட்டுகிறது. எனவே, அந்த ஆடல் பொழுதுபோக்கு அன்று. அச்சத்திற் பிறந்த வேண்டுதல். அதனை நீக்கிவிட்டால் பின்வரும் அவலத்தின் ஆழம் குறைந்துவிடும்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. வழிப்போக்கர் மட்டுமே மக்களைக் காண்பதில்லை. மக்களும் அவர்களைக் காண்கின்றனர். சாலினி கண்ணகியைப் புகழ்கிறாள். கண்ணகியோ நாணிக் கணவன் பின்னே மறைகிறாள். பின்னர் வேங்கை நிழலில் நின்ற அவளைக் குன்றக்குறவர் தெய்வமாகக் கொண்டு குரவை ஆடுகின்றனர். சேரன் செங்குட்டுவனிடம் அவ்வியப்பை எடுத்துரைப்பவர்களும் அவர்களே. மலைமக்களின் சான்று இல்லையேல் வஞ்சிக் காண்டம் இல்லை.

இளங்கோ அரச மரபினர் என்பது பதிகத்தின் கூற்று. ஆதலின் எயினர் குரலும் குறவர் குரலும் புலவரின் யாப்பிற்கு உட்பட்டே நம்மை அடைகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஆடலைக் காட்டுமுன் அதன் காரணத்தைக் காட்டும் அவர் நெறி போற்றத்தக்கது.

மலேசிய மாணவர்க்கும் இந்நெறி வேண்டும். சரவாக்கில் இபான் மக்களின் நீண்ட வீட்டைக் காணச் செல்லும் மாணவன் இறகுத் தலையணியையும் நடனத்தையும் படம் பிடித்து மீளலாம். ஜூன் 1ஆம் நாள் கொண்டாடப்படும் காவாய் திருநாள் அறுவடைக்குச் செலுத்தும் நன்றி என்பதையும், ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள் வாழும் முறையையும் கேட்டறிந்தால் அன்றோ அவன் மக்களைக் கண்டவனாவான்? பொங்கலிடும் குடியிற் பிறந்தவனுக்கு அந்நன்றி அயலானது அன்று.

“எப்படி ஆடுகின்றனர்?” என்பதோடு நில்லாமல், “ஏன் ஆடுகின்றனர்?” என்றும் வினவப் பயிற்றுவதே சிலம்பைக் கற்பிப்பதன் பயன்.