ஒத்திகை இல்லாத மேடை

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. கதாநாயகனாகிய ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகியாகிய ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. அரிதாரம் பூசும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் 'வள்ளி திருமணம்' தொடங்கிவிடும். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம்.

1908இல் கொடுமுடியில் பிறந்து, ரயிலில் பாடித் திரிந்து, வேலு நாயர் கம்பெனியில் சிறுவன் வேஷம் கட்டிய கே.பி. சுந்தராம்பாளுக்கு இந்த மேடை தந்தது சின்ன விஷயமல்ல. மாதச் சம்பளத்துக்கு யாரிடமும் கட்டுப்பட வேண்டாம். அவர் குரலுக்கென்று தனி விலை. 1926இல் கொழும்பில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தபோது மேடை போட்டிக்களமானது. எதிராளி பாட்டை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். ஒத்திகை பார்த்திருந்தால் இந்த விறுவிறுப்பு வந்திருக்காது.

கோளாறும் அதிலேயேதான். கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் தினைப்புனம் காக்கும் வள்ளி மறுபடி ஆலோலம் பாட வேண்டும். மூன்றாவது தடவை பாடி முடிப்பதற்குள் தினையே அறுவடையாகியிருக்கும்! "போதும், கதைக்கு வா" என்று சொல்ல இயக்குநர் இல்லை. பாட்டு வளர்ந்தது, பாத்திரம் நின்ற இடத்திலேயே நின்றது. 1935இல் லட்ச ரூபாய் சம்பளத்தில் 'நந்தனார்' படத்தில் நந்தனார் ஆனபோதும் ஜனங்கள் போனது பாட்டுக் கேட்கத்தான். நடிப்புக்காக அந்தப் படத்தை யாரும் கொண்டாடியதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் குறையே அவரைக் காப்பாற்றியது என்பேன். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்தபின் வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆணோடும் ஜோடி சேரவில்லை. இன்னொரு நடிகைக்கு அதோடு தொழில் முடிந்திருக்கும். பாத்திரத்தோடு ஒட்டாத குரல் என்பதால் நந்தனாருக்கும் பொருந்தியது, 1953இல் அவ்வைக்கும் பொருந்தியது. 'அவ்வையார்' படத்தைப் பாருங்கள்: பாட்டு நின்று வசனம் வரும்போது கைகளுக்கு வேலை தெரிவதில்லை, ஊன்றுகோல்தான் துணை.

அந்தக் குரல் வாய்க்காத ஸ்திரீபார்ட்டுகளுக்கு இந்த முறை இவ்வளவு இரக்கம் காட்டவில்லை. ராத்திரிக்கு ராத்திரி கூலி. திருவிழாக் காலம் முடிந்தால் அதுவும் இல்லை. தர்க்கத்தில் நாரதரையே மடக்கிய வள்ளி, விடிந்ததும் தேங்காய் எண்ணெயில் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, பெட்டியோடு முதல் பஸ்ஸுக்கு நிற்பாள்.