ஆசனம் யாருக்கு?

பணமும் பதவியும் இல்லாத மனிதனுக்கு இவ்வுலகம் விட்டுவைத்திருக்கும் சில்லறை உரிமைகளுள் வரிசையில் நிற்கும் உரிமையும் ஒன்று. முன்னே வந்தவன் முன்னே, பின்னே வந்தவன் பின்னே என்னும் அந்த எளிய நியதியில் ஒருவகை ஜனநாயகம் உண்டு. அங்கே செலுத்தப்படும் நாணயம் காலம். செல்வனுக்கும் வறியவனுக்கும் நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணி நேரமே. ஆகவேதான் செல்வம் படைத்தோர் வரிசையை என்றும் வெறுத்து வந்திருக்கின்றனர். அவ்வெறுப்பு நம் நாளில் ஒரு நாகரிகமான பெயரைப் பெற்றுவிட்டது. அப்பெயர் ‘முற்பதிவு’.

முற்பதிவு என்றாலே தீது என்பது நம் கட்சியன்று. யார் எப்போது வருவர் என்பதை முன்னரே அறிந்து, இருப்பதைப் பங்கிட்டுக் கொடுப்பது நல்ல நிர்வாகத்தின் இலக்கணம். ஆயின் எதைப் பங்கிடுகிறார்கள், எந்த அளவுகோலால் பங்கிடுகிறார்கள், பங்கு கிடைக்காதவன் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் எந்த முற்பதிவு முறையையும் நாம் மெச்சிவிட முடியாது. மலையகப் புகையிரதத்தின் ஆசனங்கள் பற்றி எழுந்த கூக்குரலை இக்கேள்விகளின் வெளிச்சத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன் சற்றுத் தொலைவே சென்று, இம்முறை முழு வளர்ச்சி பெற்ற இடத்தைப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. ராட்டினங்களும் படகுகளும் சிறு புகையிரதங்களும் நிறைந்த அந்தக் களியாட்டப் பூங்காவில், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தரத்திற்கேற்ப எழுத்திட்ட சீட்டுகள் நெடுங்காலம் விற்கப்பட்டன. 1982-ல் அம்முறை ஒழிந்து, வாயிலில் ஒரே கட்டணம் செலுத்தினால் எல்லாவற்றிலும் ஏறலாம் என்றாயிற்று. விளைவு யாது? எல்லோரும் நல்ல ராட்டினத்திற்கே ஓடினர், வரிசைகள் நீண்டன. 1999-ல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ என்னும் முற்பதிவுச் சீட்டு வந்தது. குறித்த நேரத்தில் வந்தால் குறுகிய வரிசை; அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. 2021-ல் அதன் இடத்தில் வந்ததோ பணம் கொடுத்துப் பெறும் முறை. 2024 அக்டோபரில், அதே டிஸ்னிலாந்தில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 400 டொலர் என்ற விலையில், நேரக் கணக்கே இன்றி எந்த விரைவு வாயிலிலும் ஒருமுறை நுழையும் சீட்டு விற்பனைக்கு வந்தது. இலவசச் சலுகையாகப் பிறந்தது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஏலப்பொருளாக வளர்ந்துவிட்டது!

இதன் கணக்கு மிக எளியது. ஒரு ராட்டினம் மணிக்கு 1,000 பேரைச் சுமக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவ்விடங்களுள் 800-ஐ முற்பதிவுக்காரருக்கு ஒதுக்கினால், சாதாரண வரிசைக்கு எஞ்சுவது 200. நேற்று ஒரு மணி நேரம் நின்றவன் இன்று ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும். ராட்டினம் பெரிதாகவில்லை, அதன் வேகமும் கூடவில்லை. ஒருவன் மிச்சப்படுத்திய காலம் மற்றொருவனிடமிருந்து எடுக்கப்பட்டது, அவ்வளவே. இருப்பதைப் பெருக்காமல் இருப்பதற்கான உரிமையை மட்டும் விற்பவன், உண்மையில் பிறருடைய காத்திருப்பையே விற்கிறான்.

இம்முறையின் சூழ்ச்சி இத்தோடு நிற்கவில்லை. வரிசையில் இடம் கிடைக்காதவன் நிர்வாகத்தை நொந்துகொள்வான். முற்பதிவில் இடம் கிடைக்காதவனோ தன்னையே நொந்துகொள்கிறான். விடியுமுன் எழுந்திருக்க வேண்டும், விரல் இன்னும் விரைவாக அசைந்திருக்க வேண்டும், நல்ல தொலைபேசி வாங்கியிருக்க வேண்டும் என்று அவன் மனம் புழுங்குகிறது. சமுதாயக் குறைபாடு தனிமனிதக் குறைபாடாக வேடமிடுகிறது. பற்றாக்குறையை உண்டாக்கியவன் திரைக்குப் பின்னே நிற்க, பற்றாக்குறைக்கு ஆளானவனே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறான்.

களியாட்டப் பூங்காவில் இடம் கிடைக்காதவன் ஏமாற்றத்தோடு வீடு திரும்புவான். அவன் வாழ்வு அதனால் குலைந்துவிடாது. ஆனால் வீடு திரும்புவதற்கான வாகனமே ராட்டினமாக மாற்றப்பட்டால் என்ன நிகழும்? மலையகத்தில் நிகழ்ந்தது அதுதான்.

கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867-ல். அது மலைக்காட்சி காண்பதற்காக வரவில்லை. கோப்பியைத் துறைமுகம் சேர்ப்பதற்காக வந்தது. கோப்பி அழிந்து தேயிலை தழைத்தபோது தண்டவாளமும் மலையேறிற்று. 1885-ல் நானுஓயா, 1924-ல் பதுளை. காடு வெட்டித் தோட்டம் திறந்து, அந்த வண்டிகளுக்குச் சுமை தந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களின் உழைப்பு இறங்கிய பாதை அது. அவர்களின் கண்ணீர் இறங்கிய பாதையும் அதுவே. 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964-ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. உற்றாரைப் பிரிந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற அவ்வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு இட்ட பெயரும் அதுவே. ஒரு மக்கட் கூட்டத்தின் இலக்கியத்தில் கோச்சி இவ்வாறு இடம் பெற்றிருக்கிறதெனில், அது அவர்களுக்கு வெறும் வாகனமன்று. அவர்தம் சரித்திரத்தின் ஒரு பாத்திரம்.

இத்தகைய பாதையை உலகின் அழகிய புகையிரதப் பாதைகளுள் ஒன்றென்று உல்லாசப் பயண நூல்கள் போற்றத் தொடங்கின. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம் படம்பிடிக்கும் இடமாயிற்று. வண்டியின் வாயிலில் தொங்கியபடி எடுத்த படம், எல்லைக்குப் போய்வந்ததற்கு அத்தாட்சியாயிற்று. ‘எல்ல ஒடிசி’ என்ற பெயரில் உல்லாசப் பயணிகளைக் கருதியே விசேட வண்டிகள் விடப்பட்டன. கண்டிக்கும் எல்லைக்கும் இடையே பயணம் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்வது என்ற பொருளை இழந்து, ஏறி இறங்கும் இன்பம் என்ற பொருளைப் பெற்றது. வண்டியின் பயன்மதிப்பைச் சந்தை மதிப்பு விழுங்கிவிட்டது.

பின்னர் நடந்தது எதிர்பார்க்கக் கூடியதே. பயணத்துக்கு முப்பது நாள் முன்பு இணையவழிப் பதிவு திறக்கும். திறந்த மாத்திரத்தில் மூடிக்கொள்ளும். எல்லை செல்லும் வண்டியின் சீட்டுகள் 42 வினாடிகளில் தீர்ந்துபோயின என்ற செய்தி 2025 ஜனவரியில் நாட்டையே திகைக்க வைத்தது. 2,000 ரூபாய்ச் சீட்டு 16,000 ரூபாய் வரை கைமாறியதாகவும் பத்திரிகைகள் எழுதின. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கிற்று, சிலர் கைதாயினர்.

கைது செய்ததை வரவேற்கிறோம். ஆயின் கள்ளச் சந்தைக்காரனைப் பிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுவது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போன்றதாகும். ஒரு பொருளின் உத்தியோக விலைக்கும் அதற்குப் பிறர் கொடுக்கச் சித்தமாயிருக்கும் விலைக்கும் எட்டு மடங்கு இடைவெளி இருக்குமானால், அவ்விடைவெளியில் ஒருவன் குடியேறியே தீருவான். இன்று ஒருவன் சிறை சென்றால் நாளை மற்றொருவன் வருவான். அந்த இடைவெளி ஏன் உண்டாயிற்று என்பதே கேட்க வேண்டிய கேள்வி. டொலரில் சம்பாதிப்பவனையும் தேயிலைக் கொழுந்தின் கிலோக் கணக்கில் நாட்சம்பளம் பெறுபவனின் மகனையும் ஒரே ஆசனத்திற்கு ஒரே வினாடியில் போட்டியிட விட்டதனால் உண்டாயிற்று. சட்டத்தின் கண்ணில் அது சமத்துவம். வாழ்க்கையின் கண்ணிலோ அது கால் கட்டப்பட்டவனை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்திய கதை.

தீபாவளிக்கு முன்னிரவில் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தைக் கண்டவர்கள் இதனை உணர்வார்கள். புறக்கோட்டைக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் இளைஞரும், வீட்டுவேலை செய்யும் பெண்களும், பிள்ளைகளுக்கு வாங்கிய புதுத்துணிப் பையோடு ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் போக நிற்கிறார்கள். விடுமுறை கிடைக்குமா என்பதை முதலாளி நேற்றுத்தான் சொல்லியிருப்பார். முப்பது நாளுக்கு முன் பதிவு செய்யென்று அவர்களுக்கு உபதேசிப்பது எவ்வளவு பெரிய கேலி! நாளை என்பதைத் தன் விருப்பப்படி திட்டமிட முடிந்தவனுக்கே முற்பதிவு. நாளை பிறர் கையில் இருப்பவனுக்கு மூன்றாம் வகுப்பின் நடைபாதையே கதி.

கண்டி மக்களுக்கு இது புதிய காட்சியுமன்று. எசலப் பெரஹரா வீதிவலம் வரும் நாட்களில், பாதையோரக் கட்டடங்களின் விறாந்தைகளிலும் மாடிகளிலும் நாற்காலிகள் விலைபோகின்றன. அந்த விலை கொடுக்க இயலாதோர் காலையிலிருந்தே நடைபாதையில் பாய் விரித்து, வெயிலிலும் மழையிலும் இடம் காத்திருக்கின்றனர். கண்டியான் தன் ஊர்த் திருவிழாவைத் தரையிலிருந்து பார்க்கிறான். அதே கண்டியில் 2025 ஏப்பிரல் 18 முதல் 27 வரை, பதினாறு ஆண்டுகளின் பின் புனித தந்த தாது பொதுமக்கள் தரிசனத்துக்கு வைக்கப்பட்டபோது, மைல் கணக்கில் வரிசை நீண்டது. இரவுகளை வீதியிலே கழித்தனர் இலட்சக்கணக்கானோர். நகரத்தார் இனமத பேதமின்றி அவர்களுக்கு உணவும் நீரும் அளித்தனர். காத்திருப்பு மட்டும் மனிதனைக் கொடியவனாக்குவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பக்கத்தில் நிற்பவனும் தன்னைப் போலவே நிற்கிறான் என்ற அறிவு மனிதனைத் தாங்கும். தன் தலைக்கு மேலாக மற்றொருவன் கடந்துபோகக் காண்பதே அவனைச் சுடும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். 2022-ல் கடன் கட்ட வழியின்றி நின்ற நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டாமா? உல்லாசப் பயணி வெறுப்புற்றுத் திரும்பினால் நட்டம் யாருக்கு? இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. எல்லையில் விடுதி நடத்துவோரும், நானுஓயாவில் முச்சக்கர வண்டி ஓட்டுவோரும் அப்பயணியை நம்பி வாழும் எளியோரே. வெளிநாட்டிலிருந்து வந்து, கள்ளச் சீட்டுக்குப் பெரும்பணம் இழந்து, அதிலும் நிற்கவே இடம் பெறும் இளைஞனும் நமக்குப் பகைவனல்லன், அவனும் ஏமாற்றப்பட்டவனே. ஆனால் நாட்டின் கடனை அடைக்கும் பாரம், ஊருக்குப் போகும் தொழிலாளியின் கால்கள் மீது ஏன் சுமத்தப்பட வேண்டும் என்பதற்கு அவ்வாதத்தில் விடையில்லை.

தெல்தெனியவில் வாழும் நமக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையாகக் கேட்கிறது. விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் 1980-களில் நீருள் அமிழ்ந்தது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்றார்கள். மக்கள் கடைவீதியையும் வழிபாட்டிடங்களையும் விட்டு மேலேறினர். இன்று அந்த நீர்ப்பரப்பின் அழகைக் கரையிலிருக்கும் கொல்வ் மைதானத்து விருந்தினர் அனுபவிக்கின்றனர். ‘பொதுநன்மை’ என்ற சொல்லின் கணக்கேட்டில், கொடுப்போர் பத்தியில் எப்போதும் ஒரே சாராரின் பெயரே எழுதப்படுவதை நாம் கண்டிருக்கிறோம்.

வேறு வழி உண்டா? உண்டு, அதையும் இந்நாடே காட்டியிருக்கிறது. 2022-ல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, வாகனத்துக்கு வாரம் இவ்வளவு எனப் பங்கிட்ட கியூஆர் அட்டைமுறை வந்தது. வரிசைகள் குறைந்தன. அங்கே கணினி செய்த வேலை ஏலம் விடுவதன்று, பங்கிடுவது. ஆகவே நம் சண்டை இயந்திரத்தோடு அன்று. அதற்கு இடப்படும் கட்டளையோடு. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பகுதி ஆசனங்களை, பயண நாளிலும் அதன் முந்திய நாளிலும் நிலையத்திலேயே விற்கட்டும். ஹட்டன், தலவாக்கலை போன்ற இடைநிலையங்களுக்குத் தனிப் பங்கு இருக்கட்டும். தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டுக் காலங்களில் மலையகத்துக்கு மேலதிக வண்டிகள் ஓடட்டும். உல்லாச வண்டியில் ஈட்டும் இலாபம் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைப் பெருக்குவதற்குச் செல்லட்டும். இவை புரட்சியல்ல, குறைந்தபட்ச நியாயம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தின் மீது பாய்ந்து, மண்சரிவில் பல உயிர்களைக் குடித்தது. அந்தப் பாதையையும் பல இடங்களில் சிதைத்து வண்டியோட்டத்தை முடக்கிற்று. மண் அகற்றுவதும் தண்டவாளம் இடுவதும் பொறியியலாளர் பணி. செப்பனிட்ட பாதையில் யார் அமர்ந்து செல்வர், யார் நின்று செல்வர் என்பதைத் தீர்மானிப்பது அவர்கள் பணியன்று. அது நம் எல்லோருடைய பணி. ஆசிரியரும் மாணவரும் தொழிற்சங்கத்தாரும் இப்போதே அதைக் கேட்காவிடின், ஆசனப் பட்டியலை எழுதும் கை முன்போலவே எழுதும்.