முதல் நொடியின் கைப்பக்குவம்

விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளை முந்தலில் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏதாவது ஒரு வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் ஜீப் நின்றாக வேண்டும். ஆள் நிறைந்த வண்டியை அந்த ஏற்றத்தில் ஓரடிகூடப் பின்னால் உருளவிடாமல் மறுபடி கிளப்புகிற டிரைவரின் இடது காலைக் கவனித்திருக்கிறீர்களா? கிளட்ச்சை அவர் விடுவதே தெரியாது. எஞ்சின் சத்தம் சற்றுத் தணியும், வண்டி லேசாகச் சிலிர்க்கும், பிறகு நகர்ந்துவிடும். ஓடுகிற வண்டியை ஓட்டப் பலருக்கும் வரும். நின்ற சுமையைக் கிளப்பத் தனிப் பழக்கம் வேண்டும்.

அதே பழக்கத்தை மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், மின்சார வேலையில் பார்த்தேன். அந்தத் தோட்டத்துக்கு வெளிக் கரண்ட் கிடையாது. காய் உலர்த்தும் ஸ்டோரின் தகரக் கூரைமேல் சோலார் தகடுகள். உள்ளே சுவரோரம் இரண்டு லித்தியம் பேட்டரிகள். அவற்றுக்கு மேலே ஓர் இன்வெர்ட்டர். கூரைக்கு இரும்புச் சட்டம் வைக்கும் வேலைக்காகப் போடியிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். இரும்பு வெட்டும் 14 இஞ்ச் கட்டிங் மெஷினைத் தரையில் வைத்தார். இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் முரட்டு மெஷின் அது. ஆனால் உடனே சுவிட்சைத் தொடவில்லை. சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். பம்பு ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிளக்கைச் செருகுமுன் வட்டத் தகட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தகடு இரும்பைத் தொடாதபடி கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினார். மெஷின் ஒரு மூச்சில் வேகம் பிடித்தது. மேலே எரிந்த பல்பு இமைக்கவில்லை.

“எடுத்துருச்சு” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓடுறதெல்லாம் அது பாட்டுக்கு ஓடும் சார். எடுக்கிற நேரந்தான் பாத்துக்கிறணும்” என்றார்.

இந்த ‘எடுப்பது’ என்ற சொல் நம் பட்டறைகளும் கிணற்றடிகளும் செய்துகொடுத்த சொல். கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்துகாட்டினார்கள். பிறகு பம்புசெட்டு ஊர் ஊராகப் பரவியது. கூடவே இந்தப் பேச்சும் பரவியது. மோட்டார் எடுக்கிறது, எடுக்கவில்லை, உறுமுகிறது, இழுக்கிறது. வோல்டேஜ் குறைந்த நேரத்தில் உறுமிக்கொண்டே நிற்கும் மோட்டாரை அணைக்காமல் விட்டால் காயில் கருகிவிடும் என்பது ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்திப் பழகிய எந்த விவசாயிக்கும் தெரியும். பாடப்புத்தகம் தொடக்க மின்னோட்டம் என்று சொல்வதைக் காது முன்பே கற்றுவைத்திருக்கிறது.

அந்த முதல் நொடியில் உள்ளே நடப்பது இதுதான். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார், தான் சுற்றுவதாலேயே எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தைத் தானே அளவாக வைத்துக்கொள்கிறது. நிற்கிற மோட்டாரில் அந்தத் தடுப்பு இல்லை. சுவிட்சைப் போட்டதும் செம்புச் சுருளின் சொற்ப எதிர்ப்பைத் தவிர வழிமறிக்கப் பெரிதாக எதுவும் இல்லாமல் மின்சாரம் பாய்கிறது. பம்பிலும் கம்ப்ரஸரிலும் இருக்கும் இன்டக்‌ஷன் மோட்டார் வழக்கமாக இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கை அப்போது இழுக்கும். ஒரு குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓட்டத்தில் ஆறேழு ஆம்பியரோடு நின்றுகொள்ளும். எடுக்கும்போது 40 ஆம்பியரைத் தொடும். டிரில்லிங் மெஷின், கை கிரைண்டர் போன்ற கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்களும் பல மடங்கு இழுக்கும். ஆனால் அவை அரை நொடியில் வேகம் பிடித்து அடங்கிவிடும்.

ஊருக்குள் இதை நாம் உணர்வதில்லை. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்புகளோடு இணைந்தது. அன்றிலிருந்து போடிக் கடைத்தெருவில் ஒரு கிரைண்டர் எடுத்தாலும், லோயர் கேம்ப்பில் சுழலும் பெரியாறு நீர்மின் எந்திரங்கள் முதல் வடக்கே எங்கோ சுழலும் அனல்மின் எந்திரங்கள் வரை ஒரே தாளத்தில் அதற்குத் தோள் கொடுக்கின்றன. அத்தனை ஆயிரம் டன் சுழலும் எஃகுக்கு நம் கிரைண்டர் ஒரு தூசு. மலைமேல் தனித்து நிற்கும் ஸ்டோரில் அந்தத் தோள் கிடையாது. சுவரோரம் இருக்கும் இரண்டு பெட்டிகள்தாம் அங்கே முழு மின்வாரியமும்.

அந்தப் பெட்டிகளின் குணம் பழைய ஈயப் பேட்டரியின் குணம் அல்ல. ஜான் குட்இனஃபும் அவருடைய குழுவினரும் 1997-ல் வெளியிட்ட இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் அது. ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட், 16 செல்களைக் கோத்தால் 51.2 வோல்ட். சார்ஜ் நிறைந்திருந்தாலும் கால்வாசியே இருந்தாலும் வோல்டேஜ் ஏறத்தாழ மட்டமாகவே நிற்கும். ஈயப் பேட்டரியில் பெரிய மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் தொய்யும், பல்பு மங்கும், இன்வெர்ட்டர் கத்தும். எஜமானன் சுதாரித்துக்கொள்ளலாம். லித்தியம் முனகாது. உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் தனக்கு விதித்த ஆம்பியர் வரை சலனமில்லாமல் கொடுக்கும். அந்த வரம்பைத் தாண்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் கதவைச் சாத்திவிடும். வீடு முழுக்க இருட்டு. அதனால் இங்கே கைவினை என்பது சுவிட்சுக்கு முந்தைய காரியங்களில் இருக்கிறது. மங்கிய பல்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் அவகாசம் கிடையாது. முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ஒரு மோட்டார் எடுக்கும்போது ஒன்பதாயிரம் வாட் இழுக்கிறது, ஒரு நொடி நீடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். செலவாகும் மின்சாரம் இரண்டரை வாட்-மணி. பத்து வாட் பல்பு கால் மணி நேரம் எரியும் அளவு, அவ்வளவுதான். ஆனியும் ஆடியும் மேகம் மூடி, சோலார் தகடுகள் பட்டினி கிடக்கும் மலையிலும் இது ஒரு செலவே அல்ல. பேட்டரியில் இருப்பு நிறைய இருந்தும் மெஷின் நின்றுபோகிறது என்றால், குறை இருப்பில் இல்லை, வாசலின் அகலத்தில் இருக்கிறது. இது புரியாதவர்கள் இன்னொரு சோலார் தகடு வாங்குகிறார்கள். புரிந்தவர் கம்பியைப் பார்க்கிறார்.

அந்த எலக்ட்ரீஷியன் முன்பே இங்கே கட்டியிருந்த கம்பிகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே கட்டைவிரல் தடிமன் கேபிள், முழ நீளம்கூட இல்லை. ஒரே 2400 வாட்டுக்குப் பன்னிரண்டு வோல்ட்டில் 200 ஆம்பியர் ஓட வேண்டும். நாற்பத்தெட்டு வோல்ட்டில் 50 போதும். மின்னோட்டம் கால்வாசியானால், அதே கம்பியில் வீணாகும் சூடு பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. நுனியில் அழுத்திய செம்பு லக்கில் ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு பேட்டரிகளையும் பக்கவாட்டில் இணைத்துவிட்டு, பாசிடிவ் கேபிளை முதல் பேட்டரியிலிருந்தும் நெகடிவ் கேபிளை இரண்டாவதிலிருந்தும் எடுத்திருந்தார். குறுக்காக எடுப்பதால் இரண்டுக்கும் வழித்தூரம் சமமாகிறது, சுமையும் சமமாகிறது. இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்திருந்தால், பக்கத்தில் இருப்பது அதிகம் சுமந்து முதலில் கதவைச் சாத்தும். மறுநொடி முழுப் பாரமும் அடுத்ததன்மேல் விழுந்து அதுவும் சாத்தும். ஒரு கேபிளின் இடத்தை மாற்றி வைத்ததில் இத்தனை சமாதானம்.

இன்வெர்ட்டரையும் தொட்டுக் காட்டினார். உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனத்த ரகம். இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். எடை குறைந்த புதிய ரகங்கள் சும்மா இருக்கும்போது குறைவாகத் தின்னும். ஆனால் அதிகச் சுமையைக் கண நேரமே தாங்கும். இந்த இரும்பு ரகம் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் தின்னும். ஆனால் தன் அளவுக்கு மேற்பட்ட சுமையைச் சில நொடிகள் பொறுத்துக்கொள்ளும். மோட்டாருக்குத் தேவை அந்தச் சில நொடிகள்தாம். முதல்முறை பேட்டரியை இன்வெர்ட்டரோடு சேர்ப்பதும் ஒரு தொடக்கமே. உள்ளே காலியாக இருக்கும் கப்பாசிட்டர்கள் தாகத்தோடு உறிஞ்சும். ‘பட்’டென்று தீப்பொறி பறந்து முனை கருகும். அவர் ஒரு செராமிக் ரெசிஸ்டரைச் சில நொடிகள் இடையில் பிடித்து, கப்பாசிட்டர்கள் மெல்ல நிறைந்த பிறகு கேபிளை வைத்து முடுக்குவாராம். பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. நல்ல கையின் அடையாளமே அந்த மௌனம்தான்.

இவ்வளவு நுட்பத்துக்கும் அடியில் இருக்கும் அறிவு நம் அடுக்களையில் இருந்தது. கல் கிரைண்டரில் மாவாட்டும் அம்மாக்கள் அரிசியைக் கொட்டிவிட்டுச் சுவிட்சைப் போடுவதில்லை. கல்லை ஓடவிட்டு, பிறகு கை கையாக அள்ளிப் போடுவார்கள். வெறுமையாகக் கிளப்பு, ஓடும்போது சுமையை ஏற்று என்பதுதான் இந்த வேலையின் முதல் விதி. கட்டிங் மெஷினைத் தூக்கிப் பிடிப்பது அதனால்தான். கம்ப்ரஸரில் காற்றைத் திறந்துவிட்டுக் கிளப்புவதும் அதனால்தான். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு பெட்டி வோல்டேஜைச் சிறிது சிறிதாக ஏற்றும்போது செய்வது ஜீப் டிரைவரின் இடது கால் செய்வதையே. வி.எஃப்.டி. இன்னும் ஒரு படி மேல். மும்முனை மோட்டாருக்கு அலைவெண்ணையே அடிமட்டத்திலிருந்து உயர்த்திக்கொண்டுபோய், ஓட்டத்துக்கு வேண்டிய அளவை ஒட்டியே இழுக்கவைத்து, தூங்கும் குழந்தையை எழுப்புவதுபோல் எழுப்பும். கருவிகள் விலை கொடுத்தால் கிடைக்கும். எந்த மெஷினுக்கு எது வேண்டும், எதற்கு வெறும் கைப்பக்குவமே போதும் என்று தெரிவதுதான் ரசிக்க வேண்டிய இடம்.

சட்டம் ஏறிய பிறகு, கிளம்பும்முன் அவர் பம்பு சுவிட்சுக்கு மேலே சுவரில் சாக்பீஸால் நான்கு வரி எழுதினார். ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கழட்டு. பம்பு வால்வை மூடு. மோட்டாரைப் போடு. சத்தம் சீரானதும் வால்வைத் திற. மையவிலக்குப் பம்பு, வாய் மூடியிருக்கும்போதுதான் குறைவாக இழுக்கும். மூன்றாம் வரிக்கு முன் இரண்டாம் வரி நிற்பது அதனால்.

மறுநாள் காலையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மா தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வந்தார். சுவரைப் பார்க்கவே இல்லை. பிளக், வால்வு, சுவிட்ச் என்று கை வரிசையாகப் போனது. மோட்டார் எடுத்தது. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். நான் மேலே பார்த்தேன். பல்பு அசையாமல் எரிந்தது. அவர் வால்வை மெல்லத் திறந்தார். சற்று நேரத்தில் மேட்டிலிருந்த தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.